இளம் பெருவிண்மீன்களின் அகச்சிவப்புத் தரவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் நிறைகொண்ட விண்மீன்கள் அடர்ந்த தூசு உறைக்குள் பிறக்கின்றன. அவற்றின் ஒளியை விழுங்கிச் சூடேறும் தூசு, அந்த ஆற்றலை அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. முதுகலை ஆய்வேட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் வேலூர் மாணவர், காவலூர் வானாய்வகம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கேயே 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அளந்துவிடலாம் என எண்ணக்கூடாது. ஏறத்தாழ 300 கெல்வின் வெப்பநிலையில் இருக்கும் தொலைநோக்கியும் காற்றும் அதே அலைநீளத்தில்தான் உச்சமாக ஒளிர்கின்றன. போதாததற்கு, ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்திலேயே உள்ள காவலூரின் மேல் நீராவியும் மிகுதி. ஸ்பிட்சர், ஹெர்ஷல் விண்தொலைநோக்கிகளின் பொதுத் தரவே இவருக்கு ஏற்றது.

பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நேர்கிறது. நீண்டு தெரியும் ஒளித்திட்டு எதுவாயினும் அதை விண்மீனைச் சுற்றும் தூசும் வாயுவும் கொண்ட வட்டு என்று எழுதிவிடுகிறார்கள். பெருவிண்மீன்கள் பிறக்கும் ஜி35.20-0.74 என்ற பகுதியில் நடு அகச்சிவப்பு ஒளியின் பெரும்பங்கு, துருவத் திசையில் பீறிட்டு ஓடும் வாயு குடைந்த குழியின் சுவர்களிலிருந்து வருவதாகத் தெரியவந்தது. உறை தடித்திருக்கும்போது ஒளிக்கு அந்தக் குழிதான் வெளியேறும் வழி. ஆகவே நீட்சியின் திசையை ரேடியோ அலைகளில் அளந்த வாயு ஓட்டத்தின் திசையோடு ஒப்பிடாமல் வட்டு என்ற சொல்லைப் பயன்படுத்துவது அவசரம்.

நிறமாலையில் 9.7 மைக்ரோமீட்டரில் தெரியும் பள்ளமும் ஏமாற்றும். குளிர்ந்த சிலிக்கேட் தூசு முன்னால் நின்று உறிஞ்சுவதால் உண்டாகும் அதை, வெவ்வேறு வெப்பநிலையுள்ள இரண்டு தூசுத் திரள்களின் இடைவெளி என்று வாசித்தால் பிந்தைய கணக்கு முழுவதும் பிசகும். ஸ்பிட்சரின் 4.5 மைக்ரோமீட்டர் பட்டையைப் பச்சையாகக் காட்டும் படங்களிலோ, பச்சைத் திட்டு பெரும்பாலும் அதிர்வலையில் சூடான ஹைட்ரஜன் மூலக்கூறு. அதைத் தூசென்று எண்ணுவது தவறு.

அருகருகே உள்ளவற்றைத் தனித்தனியே காட்டும் பிரிதிறனைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஸ்பிட்சர் 24 மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 6 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வரைதான் பிரித்துக் காட்டியது. 2,000 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தொலைவில் அது 12,000 வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல 12,000 மடங்கு. பெருவிண்மீன்கள் கூட்டமாகப் பிறப்பவை என்பதால், அந்த ஒரு புள்ளிக்குள் பல விண்மீன்கள் ஒளிந்திருக்கலாம். அந்த ஒளி முழுவதையும் ஒரே விண்மீனின் கணக்கில் எழுதினால் அதன் நிறை வீங்கிவிடும். தொலைவையே இரு மடங்கு தவறாகக் கொண்டாலோ, ஒளிர்வு நான்கு மடங்கு பிசகும்.