நாலு பச்சை விழுந்தும் தோற்பது எப்படி: ஆங்கிலச் சொல் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

லீவுக்குக் காரைக்குடி வந்திருக்கும் அண்ணன் பிள்ளைகள் பத்து நாளாகக் காலைப் பலகாரம் முடிந்ததும் வளவில் உட்கார்ந்து வேர்டில் போடுகிறார்கள், மத்தியானம் பேப்பரில் வரும் ஆங்கிலக் குறுக்கெழுத்து. வேர்டில் என்பது ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்பில் கண்டுபிடிக்கிற ஆட்டம்: போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் ஒன்று விடாமல் வருகின்றன. சாம்பல் ஆன எழுத்தைத் திரும்பப் போடுவது மாதிரியானதை எல்லாம் விட்டுவிடுகிறேன், அது இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கொடுத்த வரிசையிலேயே எழுத்தைப் பார்ப்பது

எம், ஓ, ஆர் மூன்றும் இருக்கிற ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் பிள்ளைகள் அதை அதே வரிசையில் எழுதிவைத்துக்கொண்டு முறைக்கிறார்கள். மோட்டார், மேஜர், மைனர் வரும், அதோடு நின்றுவிடும். வரிசையில் எழுதாதீர்கள், வட்டமாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல்லின் நடுவில் இருக்கும் பூவைச் சுற்றி சாக்பீஸால் மூன்று எழுத்தையும் எழுதிக் காட்டினேன். சின்னவன் கல்லைச் சுற்றி நடந்து வந்து எதிர்ப்பக்கம் நின்றதும் ஸ்டார்ம் என்றான், அப்புறம் ப்ரூம், ஆரோமா, மைக்ரோ. எழுத்து அதேதான், எந்த எழுத்திலிருந்து கண் தொடங்குகிறது என்பதுதான் மாறியது.

நாலு பச்சை விழுந்ததும் முதல் எழுத்தை மட்டும் மாற்றி மாற்றித் தட்டுவது

இதுதான் இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துகிற தவறு.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். 211 நாள் ஒரு நாள்கூட விடாமல் வேர்டில் ஜெயித்து வந்திருந்தேன். முகப்பில் உட்கார்ந்து அன்றைக்குரியதைத் திறந்து முதலில் ஆடியோ போட்டேன், ஐ மட்டும் மஞ்சள். இரண்டாவது லைட். முதல் எழுத்து சாம்பல், மீதி நாலும் பச்சை. இன்னும் நாலு வாய்ப்பு இருக்கிறதே என்று நைட் போட்டேன், ரைட், மைட், சைட் என்று வரிசையாகப் போட்டேன், ஆறும் தீர்ந்துவிட்டது. விடை ஃபைட். 211 நாள் அங்கேயே போனது.

அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று சொன்னார்கள். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணிப் பாருங்கள்: லைட்டை நீக்கினால் ஐ, ஜி, எச், டி என்று முடிகிற அந்தக் குடும்பத்தில் ஃபைட், மைட், நைட், ரைட், சைட், டைட், எய்ட் என்று ஏழு சாதாரணச் சொற்கள் மிச்சம், கையில் இருப்பது நாலு வாய்ப்பு. ஒவ்வொன்றாகத் தட்டினால் மூன்று சொல் எப்படியும் வெளியே நிற்கும்.

செய்ய வேண்டியது, பச்சையை ஒரு வரிக்கு மறந்துவிட்டு, சந்தேகமான முதல் எழுத்துகளை ஒரே சொல்லில் அடைப்பது. ஃபர்ம்ஸ் என்று போடுங்கள். அதில் எஃப், ஆர், எம், எஸ் நாலும் இருக்கின்றன. எஃப் பச்சையானால் ஃபைட், ஆர் மஞ்சளானால் ரைட், எம் என்றால் மைட், எஸ் என்றால் சைட். நாலும் சாம்பலானால் நைட், டைட், எய்ட் மூன்றுதான் பாக்கி, வாய்ப்பும் மூன்று இருக்கிறது. தோற்க வழியே இல்லை.

இதைச் சொன்னால் பெரியவள் கேட்கிறாள், "அயித்தை, ஃபர்ம்ஸ் விடை இல்லேன்னு தெரிஞ்சே எதுக்கு ஒரு சான்ஸை வீணாக்கணும்?" வீணாவது அது இல்லை, குருட்டாம்போக்கில் தட்டுகிற நாலுதான் வீண் என்று மூன்று நாள் சொல்லிவிட்டேன். நாலாம் நாள் கேட்ச் குடும்பத்தில் மாட்டி மேட்ச், வாட்ச், ஹேட்ச் என்று தட்டிக்கொண்டு இருக்கிறாள். சவுண்ட், ரவுண்ட், ஃபவுண்ட் குடும்பமும் இப்படித்தான் ஆளை விழுங்கும்.

வேர்டிலில் ஹார்டு மோடு என்று கடினமான ஆட்டமுறை ஒன்று உண்டு, அதில் பச்சையை விட முடியாது, ஆகவே ஃபர்ம்ஸ் போட விடாது. அங்கே ஐ, ஜி, எச் சேர்ந்து வரப்போகிற மாதிரித் தெரிந்த உடனேயே, நாலும் பச்சையாவதற்கு முன்பே முதல் எழுத்துகளைச் சோதித்துவிடுங்கள்.

காதால் தேடுவது

நமக்கு எழுதியதை அப்படியே வாசித்துப் பழக்கம், அதனால் ஆங்கிலச் சொல்லையும் காதுதான் முதலில் தேடுகிறது. எழுத்தில் பி-யும் எச்-சும் கண்ணெதிரே கிடக்கும்போது ஃபோட்டோ நினைவுக்கு வராது, காது அதை எஃப்-பில் வைத்திருக்கிறது. நைஃப் என்பதைக் கே-யில் தேட யாருக்கும் தோன்றாது. ரைட் என்று ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு சொல்லுக்கும் ஐந்தெழுத்துதான்: எழுதுவது என்ற பொருளில் வருவது டபிள்யூவில் தொடங்கும், சரி என்ற பொருளில் வருவதில் ஜி-யும் எச்-சும் ஊமையாக நிற்கும். கேட்டால் ஒன்று, பார்த்தால் இரண்டு. சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்க்காமல் கட்டத்தில் எழுதிப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று: இரண்டாங்கட்டில் இருந்து முகப்புக்கு எழுத்தைக் கத்திச் சொன்னால் பி என்பது பஸ்ஸின் பி-யா பேப்பரின் பி-யா தெரியாது. டி-யும் அப்படியே. சொல்லோடு சேர்த்தே சொல்லுங்கள்.

ஒரு எழுத்து ஒரு முறைதான் வரும் என்று நினைப்பது

மம்மி என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் மூன்று எம்.

கடைசியில் எஸ் ஒட்டிப் பன்மையாக்குவது

நாலெழுத்துச் சொல்லுக்கு எஸ் ஒட்டினால் ஐந்தாகிவிடும், சுலபம். ஆனால் அப்படிப்பட்ட பன்மைகள் வேர்டிலில் விடையாக வருவது மிக அரிது. வடிகட்டத்தான் போட வேண்டும், ஃபர்ம்ஸ் போட்டது போல.