எடிட்டரை நிரல்படுத்த எந்த மொழி? 'நெல்லை' என்று அடித்துப் பாருங்கள்

பத்தமடையில் பாய் ஆர்டர் எடுக்கும் ஒருவர் கணக்கை டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு ஒரு ஆர்டர்: பெயர், ஊர், அளவு, பாக்கி. ஒரு விசையைத் தட்டினால் மொத்தப் பாக்கியும் கூட்டி வர வேண்டும். ஃபைலைத் திறந்து திருத்தும் மென்பொருளான எடிட்டரே இதைச் செய்யும். எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது?

படி 1. உங்களுக்கு வேண்டிய வேலையை இப்படி இரண்டு வரியில் எழுதிவையுங்கள். அது இல்லாமல் மொழி தேடினால் முடிவே கிடைக்காது.

படி 2. எந்த எடிட்டரில் எந்த மொழி ஓடும் என்று பாருங்கள். ஈமாக்ஸில் ஈலிஸ்ப், நியோவிமில் லுவா, விஎஸ் கோடில் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்ட், சப்லைமில் பைத்தான்.

படி 3. தமிழ்ச் சோதனை. நம் ஊர்க்காரர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. நியோவிம் 0.9 அல்லது அதற்குப் பிந்தையதில் :=#"நெல்லை" என்று அடித்து என்டர் தட்டுங்கள். 18 என்று வரும். லுவாவின் # குறி, எழுத்தை அல்ல, அதைச் சேமிக்கும் சின்ன அலகான பைட்டைத்தான் எண்ணும். எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஈமாக்ஸில் ஆல்ட்டோடு கோலனை அழுத்தி, லெங்த் ஃபங்ஷனுக்கு அதே சொல்லைக் கொடுத்தால் 6. ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் 6தான். ந, எகரக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் கொம்பு என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோட் பிரித்து வைத்திருக்கிறது. நம் கண்ணுக்கோ நெ, ல், லை என மூன்றே எழுத்து! அந்த மூன்று வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல்.செக்மென்டர் (Intl.Segmenter) தரும்.

லுவாவில் பெயரின் முதல் 10 இடத்தை வெட்டச் சொன்னால், மூன்று குறி போக நான்காவது பாதியில் அறுந்து குப்பையாக நிற்கும். இதற்காக லுவாவை ஒதுக்க வேண்டாம், சின்ன அழகான மொழி. நியோவிமே தரும் ஸ்டர்சார்ஸ் (strchars), ஸ்டர்சார்பார்ட் (strcharpart) ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால் குறிக்கணக்கில் வேலை நடக்கும்.

படி 4. எடிட்டருக்குள் எவ்வளவு தூரம் கை நுழைகிறது? விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன், அதாவது நாம் எழுதிச் சேர்க்கும் நிரல், எடிட்டரிலிருந்து பிரிந்து தனி பிராசஸில் ஓடும். அனுமதித்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகலாம். பாதுகாப்புதான், ஆனால் சின்ன வேலைக்கும் ஒரு புராஜெக்ட் ஃபோல்டர் கேட்கும். ஈமாக்ஸில் கன்ட்ரோல்-எச், கே அழுத்தி ஏதாவது விசையைத் தட்டினால் அது எந்த ஃபங்ஷன் என்று காட்டும். பெரும்பாலானவற்றின் மூல நிரலையும் அங்கிருந்தே திறந்து, மாற்றி, எடிட்டரை மூடாமலே ஓட்டலாம். எடிட்டரை வளைத்துப் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் ஈலிஸ்ப்பைத்தான் சொல்வேன். அதில் நிறைய வரும் அடைப்புக்குறிகள் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

படி 5. இப்போது பாக்கி கூட்டும் நிரலை எழுதுங்கள். 'இத்தனையாவது இடத்தில் தொகை' என்று பிடிக்காமல், காற்புள்ளியில் வரியைப் பிரித்துக் கடைசித் துண்டை எண்ணாக்குங்கள். அப்படிச் செய்தால் லுவாவிலும் தமிழ்ப் பெயர் கணக்கைக் கெடுக்காது.