கடைசி நாட்களைப் பற்றி ஊரோடு பேசுவது எப்படி

குளச்சலை அடுத்த ஒரு கடற்கரை ஊரில், எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் தம் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியொன்றை இழுத்துத் திறந்து காட்டினார். பாச்சை உருண்டைகளுக்கு நடுவே மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை, ஒரு ஜெபமாலை, கைக்குட்டையில் முடிந்த கொஞ்சம் பணம். அடக்கத்தன்று தமக்கு எந்தப் புடவையை உடுத்த வேண்டும், கணவரின் கல்லறையில் எந்தப் பக்கம் வைக்க வேண்டும், வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கும் செலவு யாருடையது என்பது வரை மகள்களிடம் சொல்லி வைத்திருந்தார். "அதுக்கு முன்னால உள்ள நாட்கள்ல எங்க இருக்கணும் பாட்டி, ஆஸ்பத்திரியிலயா வீட்டிலயா?" என்று நான் கேட்டதும் அவர் கை பெட்டியின் மேல் நின்றுவிட்டது. "அத இன்னைக்கு வர யாரும் கேட்டதில்ல மக்களே" என்றார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சாவுக்குப் பிந்தைய காரியங்கள் குறித்துப் பேசுவதற்கு யாரும் தயங்குவதில்லை. அய்யா வைகுண்டரை வழிபடும் ஐயாவழி மக்கள் உடலை வடக்கு நோக்கி உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்யும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்க்கிறார்கள்; கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு உரிய இடம் எது என்பது சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் சாவுக்கு முந்தைய பத்து நாட்களைப் பற்றி, "கெடையில கெடக்காமப் போய்ச் சேரணும்" என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் வீடுகளில் பேச்சு வளர்வதில்லை. வீட்டு நோயாளிகளைச் சென்று பார்க்கும் தொண்டில் இருக்கும் நான், அந்தப் பேச்சை ஊர்க் கூட்டங்களில் எப்படித் தொடங்கி எப்படி நடத்தலாம் என்று கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலத்தையும் இடத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவெடுப்பவர்கள் வீட்டில் இல்லாத நாளில் கூட்டம் போட்டால், வந்து உட்கார்பவர்கள் கேட்டுவிட்டுப் போவார்களே தவிர வீட்டில் எதுவும் மாறாது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அந்த வாரங்களில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியற்காலை வேலை ஆகையால், அங்கே பிற்பகல் பொருந்தும். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வருவது பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டியோ கோயில் கொடையை ஒட்டியோதான். அவர்கள் ஊரில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களை விட்டுவிடக் கூடாது.

ஊர் முழுவதையும் திரட்டி ஒலிபெருக்கி வைத்துப் பேச வேண்டிய பொருள் இது அல்ல. பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காரும்படி இருந்தால் போதும். பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டம், மகளிர் சுய உதவிக் குழு, சமுதாயச் சங்கம், ஜமாஅத்துப் பெரியவர்களின் அமர்வு, ஐயாவழியினரின் வழிபாட்டிடமான நிழல் தாங்கலில் மாலை வழிபாடான பணிவிடைக்குப் பிந்தைய நேரம் என்று ஏற்கெனவே கூடிப் பழகிய இடமே நல்லது. ஒருவர் சாகக் கிடக்கும் வீட்டில் மட்டும் இந்தக் கூட்டத்தை ஒருபோதும் நடத்தக் கூடாது. அங்கே எழும் ஒவ்வொரு சொல்லும் அந்தக் கட்டிலில் கிடப்பவரைப் பற்றியதாகவே ஆகிவிடும்.

தொடங்கும் விதம்தான் கூட்டத்தின் பாதி. சட்டத்தையோ பத்திரத்தையோ முதலில் எடுத்தால், "அபசகுனமாப் பேசாதீங்க" என்ற ஒரு குரலில் எல்லாம் அடங்கிவிடும். கூட்டத்தை நடத்துபவர் முதலில் தமது விருப்பத்தைச் சொல்ல வேண்டும். "எனக்குச் சுகம் கிடைக்காது என்று ஆகிவிட்டால், என் வீட்டு முன்னறையில், ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் கிடக்க விரும்புகிறேன், என் சார்பில் பேச வேண்டியவள் என் இளைய மகள்" என்று இரண்டே வாக்கியம் போதும். பிறகு யாரையும் சுட்டாமல், "உங்கள் வீட்டில் நல்லபடியாகப் போனார் என்று நீங்கள் நினைக்கும் ஒருவரைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். மக்கள் தம் சாவைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். தம் பாட்டாவின் சாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். "கடைசி வரைக்கும் சுயநினைவோட இருந்தாரு", "வாயில கஞ்சித் தண்ணி விட்டது நான்தான்" என்று வரும் ஒவ்வொரு நினைவும் ஒரு விருப்பம்தான். அதை மெதுவாகத் திருப்பி, "அப்படியானால் உங்களுக்கும் நினைவோடு இருப்பதுதான் பெரிது, இல்லையா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

அதன் பிறகுதான் சிகிச்சையைப் பற்றிய விளக்கம். ஒரு செவிலியரோ மருத்துவரோ உடன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் எளிய சொற்களில் உண்மையைச் சொல்லலாம். விபத்திலோ, நிமோனியாவிலோ, பெரிய அறுவைக்குப் பிறகோ வைக்கப்படும் வென்டிலேட்டர் உயிரைக் காக்கும் கருவி. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதே கருவி, உடலெங்கும் பரவிய புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வைக்கப்படும்போது நோயைக் குணப்படுத்துவதில்லை. போகும் நாளைத் தள்ளிவைப்பதே பெரும்பாலும் அதனால் ஆகும். தொண்டையில் குழாய் இருக்கும்வரை நோயாளி பேசவும் முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குச் செல்லும் உணவுக் குழாய், நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் முயற்சி, டயாலிசிஸ் ஆகியவற்றையும் இதே போல, எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்று இரு பக்கமும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மக்களைத் தன் விருப்பத்துக்கு இழுப்பவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

கருணைக்கொலையா இது என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் மனத்தில் இருக்கும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இந்தியாவில் குற்றம். பயன் தராத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்வது வேறு. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. கடற்கரை ஊர்களில் சட்டத்தைவிடச் சமயத்தின் குரல் வலுவானது என்பதால், பங்குத்தந்தையை முன்னதாகவே சந்தித்துப் பேசிவிடுவது என் வழக்கம். வழக்கத்துக்கு மீறிய, நோயாளிக்குப் பெருஞ்சுமையான சிகிச்சைகளை ஏற்றே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பரிலேயே மருத்துவர்களிடம் பேசும்போது தெளிவாக்கினார். அதைச் சாமியார் வாயால் கேட்கும்போது பல முகங்களில் இறுக்கம் தளர்வதைக் கண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்து, சாகும் தறுவாயில் மட்டும் சாமியாரைக் கூப்பிட்ட வழக்கம் மாறி, இன்று அதே அருட்சாதனம் நோயில்பூசுதல் என்ற பெயரில் முன்னதாகவே கொடுக்கப்படுவதையும் நினைவூட்டலாம்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவதைச் சொல்கிறேன். விருப்பத்தை ஒருவர் காதில் மட்டும் சொல்வது போதாது. முடிவெடுக்கப் போகும் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். என் தகப்பனார் ஒரு மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, "என்ன மெஷின்ல போட்டு வச்சிராதே" என்று என்னிடம் மட்டும் சொன்னார். ஓராண்டு கழித்து அவர் மூச்சுத்திணறி விழுந்தபோது, சவுதியில் இருந்த அண்ணன் தொலைபேசியில், "எவ்வளவு செலவானாலும் பாருங்க" என்றார். அப்பாவின் சொல்லை நான் சொன்னேன். "உங்கிட்ட மட்டும் எப்பம் சொன்னாரு?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் தவறில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, செலவழிப்பது ஒன்றே தன்னால் காட்ட முடிந்த அன்பு. அப்பா 11 நாள் அந்தக் கருவியில் இருந்தார். நானும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச மூன்று ஆண்டு ஆயிற்று.

ஆகவே, கூட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளைகள் அனைவரையும் நேரிலோ வீடியோ அழைப்பிலோ ஒன்றாகச் சேர்த்து, "நான் பேச முடியாமல் போனால் என் சார்பில் பேச வேண்டியவர் இவர், நான் விரும்புவது இது" என்று பெரியவரே தம் வாயால் சொல்வது. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை, எல்லாரும் கேட்டிருக்க வேண்டும். பேச வேண்டியவராக மூத்த மகனைத்தான் வைக்க வேண்டும் என்ற வழக்கத்தையும் ஊர் விட்டுவிடலாம். நெருக்கடியில் பதறாதவர், பக்கத்தில் இருப்பவர், தம் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தவர் ஆசையைச் சொல்லத் தெரிந்தவர் யாரோ, அவரே தகுதியானவர். அது மருமகளாகவும் இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சொத்துப் பிரச்சினை உள்ள வீடுகளிலும், மருந்துச் செலவைச் சுமையாக நினைக்கும் வீடுகளிலும், "எனக்கு எதுவும் வேண்டாம்" என்ற சொல் பெரியவரின் விருப்பமாக இல்லாமல், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற வருத்தமாக இருக்கலாம். அத்தகைய இடத்தில் அவரைத் தனியே சந்தித்து, "பணம் ஒரு பிரச்சினையே இல்லை என்றால் என்ன கேட்பீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். பதில் மாறினால், அந்தப் பதிலே அவருடைய விருப்பம். எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்பவரின் விருப்பத்துக்கும் இதே மதிப்பு உண்டு.

எழுதி வைக்க விரும்புவோருக்கு வழி இப்போது எளிதாகியிருக்கிறது. பேச்சில் லிவிங் வில் என்று சொல்லப்படும் முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தலை, சுயநினைவுள்ள வயதுவந்த எவரும் எழுதலாம். 2018 தீர்ப்பு குற்றவியல் நீதித்துறை நடுவரின் மேலொப்பத்தைக் கேட்டது; 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றம் அதைத் திருத்தி, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி வழக்கறிஞரிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும் என்றாக்கியது. சாட்சிகள் கூடியவரை குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருப்பது நல்லது. எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதையும், சார்பில் பேசுவோர் பெயர்களையும் தெளிவாக எழுத வேண்டும். ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். ஒரு நகலைக் குடும்ப மருத்துவரிடமும், இன்னொன்றை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் அதற்குரிய அலுவலரிடமும் கொடுத்து வைக்கலாம். பத்திரம் இருந்தாலும் மருத்துவமனை உடனே கருவியை நிறுத்திவிடாது. சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்து ஆண்டு அனுபவமுள்ள வேறு இரு மருத்துவர்களும் அடங்கிய குழு பார்த்து, அதன் முடிவை இரண்டாவது குழு ஒன்றும் சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பத்திரம் எழுதாதவர் விஷயத்திலும் குடும்பத்தினரின் சம்மதத்தோடு இதே குழுக்கள் முடிவெடுக்க இடமுண்டு. அப்போது குடும்பம் ஏற்கெனவே பேசியிருந்ததா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கருவி வேண்டாம் என்று சொல்பவருக்கு வலியில்லாத நாட்களைத் தர ஊரால் முடியாவிட்டால், நாம் நடத்திய கூட்டம் கைவிடுதலாகிவிடும். எனவே எந்தக் கூட்டமும், "வலிக்கு யார் வருவார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் கலையக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வீட்டுக்கே வந்து வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் (பாலியேட்டிவ் கேர்) உண்டு. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து, செவிலியர் வரும் நாளைக் கேட்டு, அதைக் கூட்டத்திலேயே அறிவியுங்கள். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் 2008 முதலே இதற்கென அரசுக் கொள்கை இருக்கிறது. ஊர்த் தொண்டர்களே வீடு வீடாகச் செல்லும் முறை அங்கே வேரூன்றிவிட்டது. சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போய்வந்த நம் குடும்பங்கள் பலவும் "பாலியேட்டிவ்காரங்க" என்ற சொல்லை அங்கிருந்துதான் கொண்டுவந்தன. மார்ஃபின் மாத்திரை என்றதும் போதைப் பழக்கம் வந்துவிடும் என்று அஞ்சுவோருக்கு, மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அந்த அச்சம் பெரிதும் தேவையற்றது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஒரு கூட்டத்தோடு வேலை முடிவதில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று, "பிள்ளைகளிடம் சொல்லியாயிற்றா?" என்று மட்டும் கேளுங்கள், என்ன சொன்னார்கள் என்று துருவ வேண்டாம். விருப்பம் மாறக்கூடியது என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை அதை மீண்டும் வாசித்துப் பார்க்கும் வழக்கத்தையும் உண்டாக்குங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்த மாலையோ, ஆடி அமாவாசையில் முன்னோருக்குப் பலி கொடுக்கும் குழித்துறை வாவுபலிக்குப் போய்வந்த நாளோ, முன்னோரை நினைத்துக் குடும்பம் கூடியிருக்கும் நேரம் அதற்கு இயல்பாகப் பொருந்தும். பெரியவரே தாளை எடுத்து உரக்க வாசிக்கட்டும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை வாசிக்கட்டும். மாற்றம் இருந்தால் அதை எழுத்தில் எழுதி, முன்பு போலவே சாட்சிகளோடு கையெழுத்திட்டுச் சான்று பெற்று, பழைய நகல்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கெல்லாம் புதியதைக் கொடுத்துவிட வேண்டும்.