எங்கடை திருவிழா எப்போது? யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையையும் ரிக்கெற் விலையையும் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவராக இருந்தால் அதோடு இன்னொன்றையும் கேட்டு வையுங்கள் என்பேன்: ஊர்க் கோவிலில் உங்கள் வீட்டாரின் திருவிழா எந்த நாள்?

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலைச் சொல்லவில்லை. நல்லூர் எல்லாருக்கும் பொது. சனத்தோடு சனமாக நின்று கும்பிட்டுவிட்டு வரலாம், உங்களை ஒருவருக்கும் தெரியாது. ஊர்க் கோவிலில் கொடியேறினால் பத்து, பன்னிரண்டு, பதினைந்து நாள் என்று திருவிழா நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். "ஆறாம் திருவிழா எங்கடை" என்று அப்பப்பா காலத்தில் தொடங்கியது பிள்ளைகளுக்குள் பங்காகியிருக்கும். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளில் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து காசு அனுப்ப, ஊரில் மிஞ்சியிருக்கிற ஒரு சித்தப்பாவோ மச்சானோ தலையில் போட்டுக்கொண்டு நடத்துகிறார். அன்றைக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்தாக வேண்டும். வேலிச் சண்டையில் கதைபேச்சு அறுந்தவர்களும் வருவார்கள். ஆளுக்கொரு தூணோடு தள்ளி நின்றாலும் வருவார்கள். வீடு வீடாக இரண்டு கிழமை அலைந்து பார்க்க வேண்டிய சொந்தத்தை ஒரு பின்னேரப் பூசையில் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

நாளைச் சரியாகக் கேட்டுக்கொண்டுதான் ரிக்கெற் போட வேண்டும். திருவிழா முடிகிற தீர்த்தம் எந்தத் திதியில் அல்லது நட்சத்திரத்தில் வருகிறதோ, அதிலிருந்து பின்னுக்கு எண்ணித்தான் கொடியேற்றம் வைப்பார்கள். ஆகையால் வருடாவருடம் திகதி நகரும். போதாக்குறைக்கு யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழக்கத்தில் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கோவில்களே வேறு வேறு பஞ்சாங்கம் பார்க்கும். "அப்பா இருந்த காலத்தில் சித்திரைக் கடைசியில்தானே வரும்" என்ற ஞாபகத்தை நம்ப வேண்டாம். எந்த நாள் எவருடைய உபயம் என்று பெயரோடு அச்சடித்த மகோற்சவ விஞ்ஞாபனம் கொடியேற்றத்துக்குக் கிட்டத்தான் கைக்கு வரும். ஐயரிடமோ தர்மகர்த்தாவிடமோ கேட்டால் முந்தியே சொல்வார்கள்.

சுற்றி வரும் மற்ற நாட்களையும் பார்த்து வைத்தால் ஒரு பயணத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலின் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கடற்கரைத் தீர்த்தத்தோடு முடியும். அதிலிருந்து ஒரு கிழமைக்குள் நல்லூரில் கொடி ஏறும். நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். 2025இல் ஜூலை 29 கொடியேறி ஆகஸ்ட் 21 தேர் ஓடியது. முல்லைத்தீவுப் பக்கத்தார் வட்டாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை விடமாட்டார்கள். கடல்நீரில் விளக்கெரியும் என்று சனம் நம்பும் கோவில் அது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திகதி நகரும் கரைச்சல் இல்லை: பாஷையூர் அந்தோனியாருக்கு ஜூன் 13, மடு மாதாவுக்கு ஆகஸ்ட் 15. மடுவில் குடும்பமாகக் கூடாரம் அடித்துத் தங்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சொந்தக்காரரைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பயண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பிறந்திருந்தாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் போகிறவருக்கு விசா வேண்டும். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பாருங்கள், முகநூலில் கேட்காதீர்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு சென்னையிலிருந்து நேரே வந்திறங்கவும் வழி உண்டு, ஆனால் அந்த வழியால் வந்தால் இந்திய விசாவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கட்டுநாயக்காவில் இறங்கினால் வான் பிடித்து இரவோடு இரவாக வருகிறவர்கள்தான் அதிகம். வயதானவர்கள் கூட இருந்தால் கொழும்பில் ஒரு நாள் இளைப்பாறிவிட்டு ரயிலில் வருவது நல்லது. 1990இல் அறுந்த பாதை 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. நல்லூர்க் காலத்தில் ஆசனங்கள் பறந்துவிடும். முன்பதிவு திறந்தவுடன் போட்டுவிடுங்கள்.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. முதலில் எந்த வீட்டுக்குப் போவது?

நீங்கள் இல்லாத காலத்தில் செத்தவீடு நடந்த வீடுகளுக்கு. மாமா செத்து ஆறு வருடம் ஆகியிருக்கலாம், போனில் எல்லாம் கதைத்திருக்கலாம். இருந்தாலும் நீங்கள் வந்து மாமியின் முன்னால் இருக்காதவரை அந்தக் கணக்கு அங்கே தீராது. கலியாண வீடு பார்க்கப் பிந்தினால் மன்னிப்பார்கள், இதற்கு மன்னிப்பது கஷ்டம். கை நிறையச் சொக்கிலேற்றும் சென்ற் போத்தலுமாக இந்த வீட்டுக்குப் போகாதீர்கள். சாமான் பையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாமி முதலில் அழுவா, பிறகு கடைசி நாட்களை ஒன்றுவிடாமல் சொல்லுவா. போனில் ஏற்கெனவே கேட்டதுதான், திரும்பக் கேளுங்கள். புது இழவு நடந்த வீடென்றால் எழும்பும்போது "போட்டு வாறன்" என்று சொல்லாமல் வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்கள் பண்பாக "பாய்" சொல்லிவிடுவார்கள்.

வன்னிப் பக்கம் போனால் இன்னும் கவனம். பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட தாய்மாரிடம் திவசம், ஆத்மா சாந்தி என்ற சொற்களை எடுக்கவே கூடாது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களின் போராட்டம் "பிள்ளை எங்கே" என்றுதான் கேட்கிறது. அவர்கள் செத்தது என்று ஒப்புக்கொள்ளாத ஒன்றை நாங்கள் ஆறுதல் என்று நினைத்துச் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று, துடக்கு, அதாவது தீட்டு. பங்காளி வீட்டில் சாவு நடந்து 31 நாள் ஆகாவிட்டால் கோவிலுக்குள் போக விடமாட்டார்கள். பிறப்புக்கும் துடக்கு உண்டு. நீங்கள் அதை நம்புகிறீர்களா இல்லையா என்பது வேறு கதை. திருவிழாவுக்கு என்று காசு செலவழித்து வந்து, அதற்கு முதல் கிழமை பெரியப்பா மோசம் போனால் அந்த வருடத் திருவிழாவை வேறு ஆள்தான் செய்வார். மனம் நொந்து ஐயரோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை.

பெற்றவர்களின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவர்கள்தான் இந்தக் குறிப்பை வாசிப்பவர்களில் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். விசாக் கிடைக்கவில்லை, பாதை பூட்டியிருந்தது, கொரோனா. அவர்கள் போக வேண்டிய இடம் கீரிமலை. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; அந்த நாளில் வர முடியாதவர்கள் வேறு நாளில் போயும் பிதிர்க்கடன் செய்யலாம். ஐயர் உங்களிடம் கேட்கப் போவது இவைதான்: தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர், அவருக்கும் தகப்பன் பெயர், கோத்திரம், திதி. மூன்றாவது பெயரில் பெரும்பாலானவர்கள் வாயடைத்துப் போய்க் கரையில் நின்றுகொண்டு அத்தைக்குப் போன் எடுப்பார்கள். ஆகவே வரமுன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பெற்றார் இறந்த ஆங்கிலத் திகதி போதாது. மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று வேண்டும். ஆங்கிலத் திகதியும் ஏறக்குறைய நேரமும் தெரிந்தால் பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஒருவர் கணித்துத் தருவார். அதே கொப்பியில் மனைவி, பிள்ளைகளின் நட்சத்திரத்தையும் எழுதி வைத்தால் திருவிழா அன்று சங்கற்பத்தில் உதவும்.

ஆடி அமாவாசையில் வீட்டில் படைக்கிற கறிகளில் காத்தோட்டிக்காய் கட்டாயம். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. வெளிநாட்டில் அதைப் பாவற்காயால் சமாளிக்கிறோம். சந்தையில் அந்த ஒரு நாளைக்குத்தான் அது குவியும். நிலாவரைக் கிணறு, கோட்டை எல்லாம் பார்க்கிறவர்கள் அமாவாசைக்கு முதல்நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

கீரிமலைக் கேணியில் குளிக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1990இலிருந்து பல வருடம் இந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. வலிகாமம் வடக்குச் சனம் தங்கள் கோவிலுக்கே போக முடியாமல் பல வருடம் முகாம்களில் இருந்தது. காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில். இன்னும் விடுபடாத துண்டுகளும் உண்டு. முகாம் வேலிப் பக்கம் கமெராவைத் திருப்பாதீர்கள்.

இனித் திருவிழா நாள். ஆண்களுக்கு வேட்டி, இடுப்பில் சால்வை, மேலுடம்பு வெறுமை. வெட்கப்படுகிற பதின்ம வயதுப் பெடியனை முதல்நாளே சும்மா ஒரு பூசைக்குக் கூட்டிப் போய்ப் பழக்குங்கள். ஒட்டுகிற வேட்டி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். உபயகாரர் சார்பில் தர்ப்பை போட்டு இருப்பவர் ஊரில் நின்று செய்கிறவராகத்தான் இருக்க வேண்டும். "தம்பி கனடாவில இருந்து வந்திருக்கிறார், அவர் இருக்கட்டும்" என்று உங்களைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். மறுத்துவிடுங்கள். உபயகாரருக்குக் கோவில் மரியாதையாகக் கொடுக்கிற காளாஞ்சியும் அவர் கைக்கே போகட்டும். வருடம் முழுக்கக் கோவிலோடு மல்லுக்கட்டியவர் அவர்.

வசந்த மண்டபப் பூசை முடிந்தவுடன் பஞ்சபுராணம் ஓதச் சொல்வார்கள். தவிலும் மணியும் அடங்கும், யாரோ ஒரு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தேவாரம் எடுப்பார். பிறகு திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். நாலாம் வகுப்பில் பிரம்புக்குப் பயந்து பாடமாக்கியது, முப்பது வருடமாக ஒருக்காலும் வாயில் வராதது, இரண்டாவது அடியில் தானாக வரும். கோவில் குளம் என்று இல்லாதவர்களுக்கும் வரும். அதைப் பக்தி என்று எடுப்பதா பழக்கம் என்று எடுப்பதா என்று அந்த இடத்தில் நின்று யோசிக்கத் தேவையில்லை. கும்பிட ஆசை இருந்தும் ஆரவாரம் ஒத்துவராது என்கிறவர்கள் ஒரு சாதாரண நாளில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதிக்குப் போங்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் ஓதாமல் பூசை செய்வார். மடத்தில் மத்தியானச் சாப்பாடும் கிடைக்கும்.

சுவாமி வெளிவீதி வரும்போது தோள் கொடுக்கக் கூப்பிடுவார்கள். இதில் ஒரு கசப்பும் உண்டு: யார் தோள் கொடுக்கலாம், யார் வடம் பிடிக்கலாம் என்பதில் சில கோவில்களில் சாதி இன்னும் நிற்கிறது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதற்கு ஐம்பது வருடம் கழித்து, 2018இல், தென்மராட்சியில் ஒரு கோவில் தேரை இயந்திரத்தால் இழுத்ததும் சாதியால்தான் என்று நாடு முழுக்கப் பேச்சானது. உங்கள் ஊரில் எப்படி என்று விசாரியுங்கள். வெளிநாட்டுக் காசில் நடக்கும் திருவிழாவில் வெளிநாட்டில் இருப்பவரின் கேள்விக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது.

காசு என்றால் இன்னொன்று. வந்த கையோடு கோவில்காரர் புதுக் கோபுரம், புது மண்டபம் என்று பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். என்னைக் கேட்டால், ஏற்கெனவே நிமிர்ந்து நிற்கிற கோபுரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று தேவையில்லை. அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார் இல்லாமல் இருக்கும். திருவிழாப் பங்கை மட்டும் குறை வைக்காதீர்கள். அதையும் சனத்துக்கு முன்னால் எண்ணிக் கொடுக்காமல், மேளம், பூ, அன்னதானச் செலவு எல்லாம் எவ்வளவு முடிந்தது என்று செய்கிறவரிடம் தனியே கேட்டு, துண்டு விழுந்ததையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் துண்டை அவர் வருடக்கணக்காகத் தன் பொக்கற்றால் போட்டிருப்பார், சொல்லமாட்டார்.

காணிக் கதையைத் திருவிழா முடியும்வரை எடுக்க வேண்டாம். ஆனால் எடுக்காமலே திரும்பவும் வேண்டாம். ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், உங்கள் உரிமையை ஏற்காமல் காணியை ஆண்டால் அது தனக்கே என்று வழக்காடச் சட்டத்தில் இடமுண்டு. இருக்கிற உறவுக்காரரோடு அன்பாகப் பேசி, நொத்தாரிசிடம் ஒரு எழுத்து எழுதிக்கொண்டால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. விற்கிற யோசனை என்றால் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கூட்டுப் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும்.

"எப்ப வந்தனீங்கள்?" என்ற கேள்விக்கு அடுத்ததாக "எப்ப போறியள்?" என்று எல்லாரும் கேட்பார்கள். துரத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு எந்த நாள் கூப்பிடலாம், மிளகாய்த்தூளை எந்த நாளுக்குள் இடிப்பித்துத் தரலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். தூளை இரண்டு உறையில் போட்டு ஒட்டி, உடுப்புக்கு நடுவில் வையுங்கள். பனங்கட்டியை ஓலைக் குட்டானோடு அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் வரவுப் படிவத்தில் தவறாமல் எழுதுங்கள். அங்கே ஓலைக்கும் விதைக்கும் மிகக் கறார். மறைத்தால் தண்டம், சொன்னால் சோதித்துப் பார்த்துவிட்டுத் தரலாமா என்று முடிவெடுப்பார்கள்.