இரு வீரர்கள், ஒரு கம்பமா இரண்டா? ரோமானிய வெண்கலக் காசை இனங்காணும் முறை

ரோமானியக் காசு சேகரிக்கத் தொடங்குவோரிடம் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது, கான்ஸ்டன்டைன் பேரரசரின் குடும்பத்தார் வெளியிட்ட ‘குளோரியா எக்ஸெர்சிடஸ்’ என்னும் சிறு வெண்கலக் காசுதான். ‘படையின் புகழ்’ என்பது அதன் பொருள்.

படி 1: தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியிட்டுத் தேய்த்தால், 1,600 ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்த களிம்போடு எழுத்துகளின் விளிம்பும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்குங்கள்.

படி 2: பின்பக்கத்தைப் பாருங்கள். ஈட்டியும் கேடயமும் தாங்கிய இரு வீரர்கள் எதிரெதிரே நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே படைக்கொடிக் கம்பங்கள் எத்தனை என்று எண்ணுவதே இந்தக் காசைப் படிப்பதில் முதன்மையான வேலை. இரண்டு கம்பங்கள் இருந்தால் காசு ஏறத்தாழ கி.பி. 330 முதல் 335 வரையிலானது. அதன் பிறகு எடை குறைக்கப்பட்டு, சுமார் இரண்டரை கிராமாக இருந்த காசு ஒன்றரை கிராம் அளவுக்கு இறங்கியபோது, நடுவில் ஒரே கம்பம்தான் பொறிக்கப்பட்டது. தேய்ந்த காசில் கம்பங்கள் மங்கியிருந்தால், விளக்கொளியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பதோடு தராசையும் துணைக்குக் கொள்ளுங்கள்.

படி 3: முன்பக்கத் தலையணியைக் கவனியுங்கள். பேரரசருக்கு மணிமுடிப் பட்டையும், இளவரசர்களான அவருடைய மகன்களுக்கு இலைமாலையும் இருக்கும். ‘யு’ (U) வர வேண்டிய இடத்திலும் ‘வி’ (V) எழுத்தே பொறிக்கப்படும் என்பதை நினைவில் கொள்ளாவிட்டால் பெயரைப் படிப்பது கடினம்.

படி 4: வீரர்களின் காலடியில் உள்ள கோட்டுக்குக் கீழே, காசை அடித்த அக்கசாலையின் அடையாளம் இருக்கும். ‘டிஆர்’ (TR) என்றால் இன்றைய ஜெர்மனியிலுள்ள ட்ரியர். ‘எஸ்எம்ஏஎன்’ (SMAN) என்றால் இன்றைய துருக்கியிலுள்ள அந்தியோகியா. தொடங்குவோர் தவறுவது ‘கான்ஸ்’ (CONS) என்னும் இடத்தில்தான். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் அக்கசாலைக்குள் இருந்த பட்டறையைக் குறிக்கும் கிரேக்க எழுத்து வந்தால் அது கான்ஸ்டான்டிநோபிள். ‘பி’ (P) அல்லது ‘எஸ்’ (S) முன்னால் நின்று ‘கான்ஸ்ட்’ (CONST) என வந்தால், அக்காலத்தில் கான்ஸ்டன்டினா எனப் பெயர் மாற்றப்பட்டிருந்த, இன்றைய பிரான்சிலுள்ள ஆர்ல் நகரம்.

படி 5: உறையில் குறிப்பெழுதுங்கள். இரண்டு கம்பங்கள், இலைமாலை, இளையவர் என்பதைச் சுட்டும் ‘ஐவிஎன்’ (IVN), கீழே ‘எஸ்எம்ஏஎன்’ ஆகியவை தென்பட்டால், “இரண்டாம் கான்ஸ்டன்டைன், இளவரசர், அந்தியோகியா, 330–335” என்று துணிந்து எழுதலாம்.