பெட்டியில் தட்டிய எண் உள்ளே போய்ச் சேர்ந்ததா? விட்ஜெட்களின் கீபோர்டு குணத்தைச் சோதிக்கும் வழி

தரவைக் கிளஸ்டர்களாக, அதாவது குழுக்களாகப் பிரிக்கும் ஒரு கருவியில், கிளஸ்டர் எண்ணிக்கைப் பெட்டியில் 8 என்று தட்டிவிட்டு, படம் ஏன் மாறவில்லை என்று அரை மணி நேரம் தரவைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். பெட்டியில் 8 பளிச்சென்று தெரிந்தது. கணக்கோ பழைய 3-லேயே நின்றிருந்தது. எண்டர் தட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது தோன்றாததற்குக் காரணம் உண்டு: அதே கருவியில் பக்கத்து விட்ஜெட், அதாவது எண்ணை வாங்கும் இன்னொரு கட்டம், எண்டரே கேட்காமல் எண்ணை உடனே எடுத்துக்கொண்டிருந்தது.

கட்டங்களை இழுத்துப் போட்டுக் கோட்டால் இணைத்தோ ஒன்றோடொன்று பொருத்தியோ நிரல் அமைக்கும் கருவிகள் பல உண்டு: ஆரஞ்ச், நோட்-ரெட், லேப்வியூ, பிளெண்டரின் நோட் எடிட்டர், ஸ்கிராட்ச். எதை எடுத்தாலும் இந்தத் தொல்லை ஏதோ ஓர் உருவில் இருக்கும். எந்த விட்ஜெட் எந்த விசைக்கு என்ன செய்யும் என்று மனப்பாடம் செய்ய முடியாது. அடுத்த பதிப்பில் மாறியும் போகலாம். அதனால் நீங்களே பத்து நிமிடத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: எண் இரண்டு இடத்தில் இருக்கிறது

நீங்கள் தட்டும்போது திரையில் தெரிவது வெறும் எழுத்து. நிரல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. எழுத்து எப்போது மதிப்பாக மாறும் என்பதை ஒவ்வொரு விட்ஜெட்டையும் எழுதியவர் தனித்தனியாக முடிவு செய்திருப்பார். ஒருவர் ஒவ்வொரு விசைக்கும் மாற்றுவார். இன்னொருவர் எண்டருக்குக் காத்திருப்பார். மூன்றாமவர் கர்சர் பெட்டியை விட்டு வெளியேறும்போது மாற்றுவார். நான்காமவர் கீழே ஒரு பட்டனை வைத்து, அதை அழுத்தும்வரை எதையுமே கண்டுகொள்ள மாட்டார். நான்குக்கும் நியாயம் உண்டு. நான்கும் ஒரே கருவிக்குள் கலந்து கிடப்பதுதான் நம்மைக் குழப்புகிறது.

படி 1: சோதனைக்கு ஒரு சின்ன அமைப்பு

நான் ஆரஞ்சை எடுத்துக்கொள்கிறேன். ஸ்லோவேனியாவின் லியூப்லியானா பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், கட்டங்களுக்கே அதில் விட்ஜெட் என்றுதான் பெயர். வேறு கருவி வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம்.

கேன்வாஸில் (கட்டங்களைப் போடும் பரப்பில்) ஃபைல் விட்ஜெட்டைப் போடுங்கள். அது ஐரிஸ் பூ அளவுகளின் தரவோடு வரும், 150 வரிசைகள். அதைக் கே-மீன்ஸுடன் (தரவைக் குழுக்களாகப் பிரிக்கும் விட்ஜெட்) இணைத்து, கே-மீன்ஸை டேட்டா டேபிளுடன் இணையுங்கள். கே-மீன்ஸில் கிளஸ்டர் எண்ணிக்கையை நிலையான எண்ணாக வைத்து 3 கொடுங்கள். ‘அப்ளை ஆட்டோமேட்டிக்லி’ என்ற டிக் இருக்கட்டும். இப்போது டேபிளில் கிளஸ்டர் என்ற பத்தி புதிதாகச் சேர்ந்திருக்கும். அதில் சி1, சி2, சி3 என்று வரும். டேபிள் விண்டோவையும் கே-மீன்ஸ் விண்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண் உள்ளே போனதா என்பதை இனி அந்தப் பத்தியே சொல்லும். பெட்டியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 2: தட்டிவிட்டுக் கையை எடுங்கள்

3-ஐ அழித்துவிட்டு 5 தட்டுங்கள். எண்டர் வேண்டாம், டேப் வேண்டாம், மௌஸைத் தொடவும் வேண்டாம். இரண்டு மூன்று விநாடி காத்திருங்கள். டேபிளில் சி4, சி5 வந்துவிட்டால் இந்தப் பெட்டி ஒவ்வொரு விசைக்கும் வேலை செய்கிற ரகம். வராவிட்டால் ஒப்புதலுக்குக் காத்திருக்கிற ரகம்.

முதல் ரகம் வசதியாகத் தோன்றும். ஆனால் 25 தட்ட நினைத்தால் முதலில் 2-க்கு ஒரு முறை கணக்கு ஓடும், பிறகு 25-க்கு ஒரு முறை. 150 வரிசைக்கு அது தெரியாது. பெரிய தரவில் 2 தட்டியதும் திரை உறைந்து, 5 தட்டியது போனதா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஆட்டோமேட்டிக் டிக்கை எடுத்துவிட்டு வேலை செய்வதே நல்லது.

படி 3: எண்டர், இரண்டு எண்டரும்

இப்போது 6 தட்டி எண்டர். டேபிள் மாறியதா? மாறியது என்றால், 7 தட்டி வலது ஓரத்தில் இருக்கும் எண் விசைப்பலகையின் எண்டரை அழுத்திப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். கீபோர்டைப் பொறுத்தவரை இரண்டும் வேறு விசைகள். ஆரஞ்ச் கட்டப்பட்டிருக்கும், விண்டோக்களையும் பெட்டிகளையும் பட்டன்களையும் தரும் க்யூடி நூலகத்தில் முதன்மை எண்டருக்கு ‘ரிட்டர்ன்’ என்று ஒரு பெயர், ஓரத்து எண்டருக்கு ‘எண்டர்’ என்று வேறு பெயர். விட்ஜெட் எழுதியவர் ஒன்றை மட்டும் சோதித்திருந்தால் மற்றது ஊமையாகிவிடும். மடிக்கணினியில் எழுதிச் சோதித்தவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான் என்பது என் ஊகம்.

லேப்வியூவில் இந்த வேறுபாடு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதன் எழுத்துப் பெட்டியில் முதன்மை எண்டரைத் தட்டினால் அடுத்த வரிக்குப் போகும். ஓரத்து எண்டரைத் தட்டினால்தான் உள்ளீடு முடிந்ததாகும். ஒரே வரி போதும் என்றால் பெட்டியில் வலது கிளிக் செய்து ஒற்றை வரிக்குக் கட்டுப்படுத்தும் தேர்வைப் போடலாம். தட்டத்தட்ட மதிப்பு மாறவேண்டும் என்றால் அதற்கும் அதே மெனுவில் தனித் தேர்வு உண்டு. எண்ணுக்கான பெட்டியில் இந்தக் கூத்து எதுவும் இல்லை.

எண்டரில் இன்னொரு பொறி. க்யூடியில் உரையாடல் விண்டோவுக்குள் வைக்கும் பட்டன்கள், எண்டருக்குத் தாமாகவே அழுந்தத் தயாராக இருக்கும்படிதான் இயல்பில் வரும். பெட்டியில் எண் தட்டி எண்டர் அடிக்கிறீர்கள். சம்பந்தமே இல்லாத ஒரு பட்டனும் சேர்ந்து அழுந்துகிறது. கணக்கு இரண்டு முறை ஓடினாலோ, எதிர்பாராமல் ஒரு ஃபைல் தேர்வு விண்டோ திறந்தாலோ முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: டேபும் வெளியே கிளிக்கும்

8 தட்டி டேப். பிறகு 9 தட்டிவிட்டு வேறு பெட்டியில் கிளிக். பிறகு 10 தட்டிவிட்டு அதே விண்டோவின் வெறும் சாம்பல் பரப்பில் கிளிக். மூன்றையும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் டேபிளைப் பாருங்கள். கடைசியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: வெறும் பரப்பு ஃபோகஸை, அதாவது தட்டும் விசைகளைப் பெறும் நிலையை, வாங்கிக்கொள்ளாது. நீங்கள் வெளியே கிளிக் செய்துவிட்டதாக நினைப்பீர்கள், கர்சர் பெட்டிக்குள்ளேயே சிமிட்டிக்கொண்டிருக்கும்.

மேக் கணினியில் டேப் சில பெட்டிகளைத் தாண்டிப் போனால் பதற வேண்டாம். கீபோர்டு வழி நகர்வுக்கான அமைப்பை இயக்காதவரை டேப் எழுத்துப் பெட்டிகளிலும் பட்டியல்களிலும் மட்டும்தான் நிற்கும்.

படி 5: எஸ்கேப்

11 தட்டி எஸ்கேப். பழைய எண் திரும்பியதா, 11 அப்படியே நிற்கிறதா, விண்டோவே மூடிக்கொண்டதா? பிளெண்டரில் எஸ்கேப் பழைய மதிப்பைத் திருப்பித் தரும். ஸ்கிராட்ச் போன்ற கட்டக் கருவிகளுக்கு அடித்தளமான பிளாக்லியிலும் அப்படித்தான். க்யூடியின் சாதாரண எழுத்துப் பெட்டிக்கோ ரத்து என்பதே தெரியாது. அது விசையைத் தன்மேல் எடுத்துக்கொள்ளாது. விசை மேலே இருக்கும் உரையாடல் விண்டோவுக்குப் போகும், விண்டோ மூடும். மூடும்போது பெட்டி ஃபோகஸை இழக்கும். ஃபோகஸ் போனால் மதிப்பை எடுத்துக்கொள் என்று யாராவது எழுதியிருந்தால், ரத்து செய்ய அழுத்திய விசையே ஒப்புதலாகிவிடும்! மூடிய பிறகு விண்டோவை மறுபடி திறந்து பாருங்கள், டேபிளையும் பாருங்கள்.

படி 6: பெட்டிக்குப் பிடிக்காத எண்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. நேரம் இல்லாவிட்டால் மற்றவற்றை விட்டாலும் இதை விடாதீர்கள்.

க்யூடியின் எண் பெட்டிக்கு ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை உண்டு. மேலெல்லை 30 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 50 தட்டுகிறீர்கள். 5 ஏறும். அடுத்து 0 தட்டும்போது 50 எல்லையைத் தாண்டுகிறது என்று பெட்டி அந்த விசையை விழுங்கிவிடும். சத்தம் இல்லை, சிவப்புக் கோடு இல்லை. திரையைப் பார்க்காமல் தட்டுபவருக்கு 50, பெட்டியில் 5. கணக்கும் 5-க்கு ஒழுங்காக ஓடி ஒரு விடை தரும். பிழைச் செய்தி வந்தால் தப்பித்துவிடலாம், சரியாகத் தெரிகிற தவறான விடையிலிருந்து தப்பிப்பது கடினம்.

கீழெல்லையில் வேறு கதை. கீழெல்லை 2 என்றால் 1 தட்ட விடும், ஏனென்றால் நீங்கள் 15 தட்ட வந்திருக்கலாம். 1-ஓடு நிறுத்தி டேப் அடித்தால், முன்பு இருந்த எண்ணுக்கு அமைதியாகத் திரும்பிவிடும். ஆகவே சோதனை இது: எல்லையைத் தாண்டிய ஓர் எண், எல்லைக்குக் கீழே ஓர் எண், வெறும் பெட்டி. மூன்றுக்கும் என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள். அம்புக்குறி விசைகளையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். மேல், கீழ் அம்புகள் ஒரு படி நகர்த்தும், பேஜ் அப், பேஜ் டவுன் பத்துப் படி நகர்த்தும்.

படி 7: பேக்ஸ்பேஸும் டெலீட்டும்

இதைச் செய்யும் முன் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் இருந்தால் இந்த விசைகள் எழுத்தை அழிக்கும். ஃபோகஸ் கேன்வாஸில் இருந்தால் தேர்வாகியிருக்கும் கட்டத்தையே அழித்துவிடும். பிளெண்டரில் இன்னொரு குணம்: பெட்டிக்குள் நுழையாமல், மௌஸ் அம்பு பெட்டியின் மேல் நிற்கும்போதே பேக்ஸ்பேஸ் தட்டினால் அந்த மதிப்பு இயல்பு நிலைக்குப் போய்விடும். அங்கே ஃபோகஸைவிட அம்பு நிற்கும் இடம்தான் பல விசைகளுக்குப் பொருள் கொடுக்கிறது. பழகிவிட்டால் வேகம், பழகும்வரை அதிர்ச்சி.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை. பெட்டியில் ‘கொ’ என்று தட்டிப் பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். யூனிகோடில் அது க என்ற குறியும் கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஓர் உயிர்க்குறியும், ஆக இரண்டு. வழக்கமான பெட்டிகளில் உயிர்க்குறி மட்டும் போய் ‘க’ நிற்கும். கர்சரை முன்னால் வைத்து டெலீட் அழுத்தினால் முழு எழுத்தும் போகும். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்கள் பரிந்துரைப் பட்டியலில் சொல்லைத் தேர்ந்தெடுக்க எண்டர் அடிப்பார்கள். விட்ஜெட் அந்த எண்டரையும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டால் பாதிச் சொல்லோடு பெட்டி மூடிவிடும்.

நீங்களே விட்ஜெட் எழுதுகிறீர்களா?

அப்படியானால் மூன்று இடங்களைப் பாருங்கள். க்யூடியின் எண் பெட்டிக்கு எல்லை கொடுக்க மறந்தால் 0 முதல் 99 வரைதான். பயனர் 100 தட்டினால் 10 என்று நிற்கும். கீபோர்டு டிராக்கிங் என்ற பண்பு இயல்பில் இயங்கும் நிலையில் வரும், அதாவது ஒவ்வொரு விசைக்கும் மதிப்பு மாறியதாக அறிவிக்கும். கணக்கு கனமானதென்றால் அதை அணைத்துவிடுங்கள். உலாவியில் எழுதுபவர்களுக்கு இதே தேர்வு ‘இன்புட்’ நிகழ்வுக்கும் ‘சேஞ்ச்’ நிகழ்வுக்கும் இடையே வரும்: முன்னது ஒவ்வொரு விசைக்கும், பின்னது எண்டருக்கோ ஃபோகஸ் போகும்போதோ. எண்டரைப் பிடிக்கும் இடத்தில் ‘ஈஸ் கம்போசிங்’ என்ற கொடியைப் பார்த்து, சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தால் விலகிக்கொள்ளுங்கள். எதைத் தேர்ந்தாலும் உங்கள் எல்லா விட்ஜெட்களிலும் அதையே வையுங்கள்.

படி 8: கண்டதைச் சொல்லுங்கள்

இரண்டு விட்ஜெட்கள் ஒரே விசைக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்டால் கருவியை எழுதுபவர்களுக்குத் தெரிவியுங்கள். ‘எண்டர் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கருவியின் பதிப்பு, இயங்குதளம், விட்ஜெட்டின் பெயர், முன்பு இருந்த எண், தட்டிய விசைகள் வரிசைப்படி, எந்த எண்டர், பெட்டியில் பிறகு தெரிந்தது, வெளியே வந்த விடை: இவ்வளவும் வேண்டும். என் குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்: ‘பெட்டியில் 3. எல்லாவற்றையும் தேர்ந்து 8 தட்டினேன். டேப். பெட்டியில் 8. டேபிளில் இன்னும் சி3 வரைதான். அதே பெட்டியில் முதன்மை எண்டர் தட்டியதும் சி8 வரை வந்தது. பக்கத்து விட்ஜெட்டில் டேபே போதுமாக இருந்தது.’