கையில் காசில்லாத வீட்டில் சிரிப்பது எப்படி

‘எங்க வீட்ல ரொம்பக் கஷ்டம்’ என்று சொன்னால் கேட்பவர் உச்சுக்கொட்டுவார். பேச்சு அங்கேயே படுத்துவிடும். ‘ஆறு பேருக்கு ஒரு குடை, அதுலயும் ரெண்டு கம்பி உடைஞ்சது’ என்று சொல்லிப் பாருங்கள், காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார். ஆகவே முதல் வேலை, பொதுவாகப் புலம்புவதை விட்டுவிட்டு ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது.

அந்தக் குடை எங்களுடையதுதான். ஒரு பக்கத் துணி கம்பியை விட்டுக் கழன்று தொங்கும். தைத்த இடத்தில் நூல் வேறு நிறம். இரண்டு பேராகப் போனால் கிழிசல் பக்கம் யார் வருவது என்று முறை வைத்திருந்தோம். ஒரு மழைநாளில் அக்கா சொன்னாள்: “நம்ம குடை மழையைத் தடுக்காதுடா, வடிகட்டி அனுப்பும்.” நனைந்துகொண்டே இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பில் புதுக்குடை வாங்கித் தர முடியாத அப்பா மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அடி முழுக்கக் குடைக்கும் மழைக்கும்தான். இல்லாத வீட்டு நகைச்சுவையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அடி யார் மேல் விழுகிறது?

அடுத்தது, உலகத்தின் விதிமுறைகளைக் கவனிப்பது. ஏழைக்கு என்று இருக்கிற விதிகளில் நகைச்சுவை தானாகவே கொட்டிக் கிடக்கிறது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் பல வங்கிகள் அபராதம் போடும். இதைக் கோபமாகச் சொன்னால் புகார் ஆகிவிடும். குரலை ஏற்றாமல், வரிசை மாறாமல் சொல்லுங்கள்: ‘பணம் குறைவாக இருந்ததால் பணம் எடுத்தார்கள். எடுத்ததால் இன்னும் குறைந்தது. குறைந்ததால் மறுபடியும் எடுப்பார்கள்.’ நீங்கள் ஒன்றுமே சேர்க்க வேண்டாம். மொத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லாதவர் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்கி, கிராமுக்கு அதிக விலை கொடுப்பதும் இதே வகைதான். எனக்கு இதில் கோபம் நிறையவே உண்டு. ஆனால் சிரிக்க வைத்துச் சொன்னபோதுதான், வசதியானவர்கள் “நிஜமாவா?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

மானத்தைக் குறைத்து மட்டும் சிரிப்பு வாங்காதீர்கள். சார்லி சாப்ளின் 1925இல் எடுத்த ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில், பட்டினி தாங்காமல் ஒரு பூட்ஸை வேகவைத்துத் தின்கிற காட்சி வரும். லேஸை முள்கரண்டியில் சுற்றி நூடுல்ஸ் மாதிரி வாயில் போடுவார், ஆணிகளை எலும்பு மாதிரி சப்புவார். பெரிய விருந்தில் உட்கார்ந்தவரின் நாசூக்கு கொஞ்சமும் குறையாது. அவர் அழுது அரற்றியிருந்தால் நாம் பரிதாபப்பட்டிருப்போம், அசடு வழிந்திருந்தால் ஏளனம் செய்திருப்போம். அந்த நாசூக்குதான் நம்மை அவர் பக்கம் உட்கார வைக்கிறது. ஏழு வயதில் லண்டனில் ஆதரவற்றோர் விடுதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அவர். பசித்தவனுக்கும் மரியாதை உண்டு என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பணக்காரர் - ஏழை இடைவெளியைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். மாளிகையைத் தூரத்திலிருந்து திட்டினால் சிரிப்பு வராது. மனித மனத்தை ஆராய்ந்த மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1905இல் நகைச்சுவையைப் பற்றி எழுதிய நூலில் ஒரு துணுக்கு உண்டு. நொடித்துப்போன ஒருவர் வசதியானவரிடம் கடன் வாங்குகிறார். அன்றைக்கே உணவகத்தில் மயோனைஸ் போட்ட சால்மன் மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடன் கொடுத்தவர் பார்த்துவிட்டு, “இதுக்கா வாங்கினே?” என்று பாய்கிறார். இவர் கேட்கிறார்: காசு இல்லாதபோது சாப்பிட முடியாது, இருக்கும்போது சாப்பிடக் கூடாது என்றால் நான் எப்போதுதான் சாப்பிடுவது? கொடுத்தவருக்குத் தட்டையும் மேற்பார்வை பார்க்கிற உரிமை வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. உதவி வாங்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். அதைப் பிடியுங்கள், கதை கிடைக்கும்.

யாரிடம் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். கூடவே கஷ்டப்பட்டவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். வசதியானவர்கள் கூடிய இடத்தில், அவர்கள் ரசிப்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் கஷ்டத்தை எடுத்து விரிக்காதீர்கள். அது உங்கள் கதை அல்ல. மருந்து வாங்கக் காசில்லாத நேரத்திலும் வேண்டாம். அப்போது வேண்டியது பணம், ஜோக் அல்ல.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிழிந்த பையோடு பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் பையைப் பற்றி நீங்களாக ஜோக் அடிக்காதீர்கள். அவனே ஒருநாள் அடிப்பான், அப்போது கூடச் சேர்ந்து சிரிக்கலாம். அதுவரை உட்கார்ந்து பையைத் தைத்துக் கொடுங்கள்.